இலை எண் நான்கும் சோம்பேறிச் செல்களும்

எங்கள் ஆய்வு மையத்துக்குள் ஓர் ஆட்டின் சினைப்பை வர வேண்டுமானால் உரிமையாளரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். உரிமையாளர் யார் என்று விதிப் புத்தகத்தில் எழுதவில்லை. வாசல் காவலர் நெற்றியைச் சுருக்கி யோசித்து, உறுப்பு யார் உடம்பில் இருந்ததோ அவரே உரிமையாளர் என்று முடிவுக்கு வந்தார். அது ஆடு. ஆடு காலை ஐந்தரைக்கே காலமாகிவிட்டதே என்றேன்.

"அப்படின்னா வாரிசு கையெழுத்து வாங்கிட்டு வாங்க," என்றார்.

என் கையில் ஃபிளாஸ்க். அதற்குள் வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் பன்னிரண்டு சினைப்பைகள், ஒவ்வொன்றும் பாதாம் பருப்பு அளவு. அறுத்த இரண்டு மணி நேரத்துக்குள் அவை என் மேசைக்கு வந்தாக வேண்டும். தாமதித்தால் உள்ளே இருக்கிற செல்கள் உயிரை விட்டுவிடும். விதிப் புத்தகத்துக்கு அந்த அவசரம் கிடையாது. அன்றைய பன்னிரண்டும் வாசலிலேயே வீணாயின. மறுநாள் கசாப்புக் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, நான் நீட்டிய ஒரு கட்டுப் படிவங்களிலும் 'ஆட்டுக்காக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

"ஏம்மா, ஆடு சம்மதம்னு சொல்லியிருந்தா நான் எதுக்கு அதைக் கயிறு கட்டி இழுத்துட்டு வரப்போறேன்?" என்றும் கேட்டார். பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் நான் கேட்ட அறிவியல்பூர்வமான கேள்வி அது ஒன்றுதான்.

நான் அங்கே லேப் டெக்னீஷியன். மையத்தின் முழுப் பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதாது. பலகையில் மூன்று வரிக்கு ஓடும். சுருக்கமாகச் சொன்னால், எந்தச் செடியின் சாறு பட்டால் கால்நடைகள் நன்றாகக் குட்டி போடும் என்று கண்டுபிடிப்பதற்காக நாற்பத்திரண்டு பேரை வைத்திருக்கிற இடம். அதில் மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பவள் நான் ஒருத்தி. மற்ற நாற்பத்தொரு பேரும் நான் பார்த்ததைப் பற்றிக் கூட்டம் போடுவார்கள்.

வேலை இதுதான். சினைப்பையின் மேல் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் இருக்கும். ஊசியால் உறிஞ்சினால் சினைமுட்டையும், அதைச் சுற்றி நின்று ஊட்டி வளர்க்கிற செல்களும் வரும். அந்தச் செல்களைத் தட்டில் போட்டு, ஊட்டத் திரவம் ஊற்றி, உடம்புச் சூட்டில் இன்குபேட்டரில் வைப்பேன். முதல் நாள் உருண்டையாகக் கீழே இறங்கும். இரண்டாம் நாள் தட்டின் அடியில் ஒட்டிப் படர்ந்து, கை நீட்டிப் பக்கத்துச் செல்லைத் தொடும். மூன்றாம் நாள் ஒன்றோடொன்று நெருங்கிக் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. இதை ஒரு கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னேன். 'டெக்னீஷியன் மகிழ்ச்சியடைந்தார், அது நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் பரிசீலிக்கப்படவில்லை' என்று குறிப்பு எழுதினார்கள்.

எங்கள் இயக்குநர் கோழித் தீவனச் சாக்குகளின் வாய்த் தையலைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அவருடைய கார் நிற்கும் இடத்துக்குப் பின்னால், வேலியோரம் ஒரு செடி தானாக முளைத்திருந்தது. அதுதான் இலை எண் நான்கு. முதல் மூன்று இலைகள் என்னவாயின என்று யாருக்கும் தெரியாது. நான்கில் தொடங்கினால் ஏற்கெனவே நிறைய உழைத்த மாதிரி இருக்கும் என்று அவரே முடிவு செய்ததாகப் பேச்சு. அந்தப் பக்கம் மேய வரும் ஆடுகள் முள்ளைத் தின்னும், காகிதத்தைத் தின்னும், ஒருமுறை வருகைப் பதிவேட்டின் அட்டையைக்கூடத் தின்றன. அந்தச் செடியை மட்டும் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். இதை நான் இயக்குநரிடம் சொன்னேன்.

"பார்த்தீங்களா? ஆடு அதை மதிக்குது," என்றார்.

இலைச் சாற்றைச் செல்கள் மேல் விடுவதற்கு முன்னால் கிருமிகூட நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடிகட்ட வேண்டும். இது எங்கள் தொழிலில் பல் துலக்குவது மாதிரி. யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, செய்யாவிட்டால் நாறிவிடும். வடிகட்டி கேட்டு ஸ்டோர் கீப்பருக்கு எழுதினேன். துடைப்பத்தைக்கூடப் பூட்டி வைப்பவர் என்பதால் மையத்தில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். பதினான்கு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு ஓர் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"வடிகட்டிதானே கேட்டீங்க? எட்டு இருக்கு. கைப்பிடி உள்ளது அஞ்சு, இல்லாதது மூணு."

"சார், இது டீ வடிகட்டி. கிருமியெல்லாம் இதுல கைவீசி நடந்து போகும்."

"போகும்னு நீங்க சொல்றீங்க. இதுவரைக்கும் போனதா ஸ்டோருக்குப் புகார் வந்திருக்கா?"

வரவில்லை. நான் கையெழுத்துப் போட்டு எட்டையும் வாங்கிக்கொண்டேன். அட்டைப்பெட்டியைத் திருப்பித் தரச் சொன்னார்.

இலைச் சாற்றை டீ வடிகட்டியில் வடிகட்டிச் சோதனையை ஆரம்பித்தேன். இரண்டு தட்டு. ஒன்றில் இலைச் சாறு, இன்னொன்றில் இல்லை. இலை இல்லாத தட்டில் செல்கள் வழக்கம்போல ஒட்டின, படர்ந்தன, கை கோத்தன. இலை விட்ட தட்டில் இரண்டாம் நாள் காலையே செல்கள் கையைச் சுருக்கிக்கொண்டு உருண்டையாகிவிட்டன. மத்தியானம் அடியை விட்டுக் கழன்று மேலே மிதந்தன. மிதக்கிற செல் செத்த செல். இதற்குப் படிப்பு வேண்டாம், ஒரு வாரம் பார்த்தால் போதும். மூன்றாம் நாள் அந்தத் தட்டின் திரவம் கலங்கிப் போயிற்று. உள்ளே முட்டை வடிவில் பொடிப் பொடியாக ஆயிரக்கணக்கில் ஏதோ மொட்டு விட்டுக்கொண்டிருந்தது. ஈஸ்ட். டீ வடிகட்டி வழியாகக் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தது.

இதையே மொத்தம் மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே கதை. இலை ஆட்டுச் செல்லைக் கொல்கிறது, ஈஸ்ட் பிணத்தின் மேல் விருந்து சாப்பிடுகிறது. நான்காம் முறை இயக்குநர் தாமே பார்க்க வந்தார்.

அவர் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. முதலில் மூடிய கண்ணால் பார்த்தார். பிறகு கண்ணை மாற்றினார். சற்று நேரம் அசையாமல் இருந்தார். நிமிர்ந்தபோது முகம் பிரகாசமாக இருந்தது.

"குட்டி போடுது!" என்றார்.

"சார்?"

"ஒவ்வொண்ணும் பக்கத்துல ஒரு குட்டி போடுது. நீங்களே பாருங்க. இனப்பெருக்கச் செல் இனப்பெருக்கம் பண்ணுது. உலகத்துல யாரும் பார்த்ததில்ல."

"சார், அது ஈஸ்ட். ரொட்டி மாவைப் புளிக்க வைக்குமே, அது. ஆட்டுச் செல் எல்லாம் செத்துப் போச்சு. மேல மிதக்குது பாருங்க, அதுதான்."

"மிதக்குதுன்னு ஏன் சொல்றீங்க? துள்ளுதுன்னு சொல்லுங்க." இலை இல்லாத தட்டையும் எடுத்துப் பார்த்தார். முகம் சுளித்தார். "இதுல எல்லாம் அடியில ஒட்டிக்கிட்டுப் படுத்துக் கிடக்கு. ஒண்ணுகூட எழுந்திரிக்கல. இலை இல்லன்னா இதுதான் கதி. சோம்பேறிச் செல்கள்."

"அதுதான் சார் உயிரோட இருக்கு."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க டெக்னீஷியன். எண்ணறது உங்க வேலை. எண்ணினது என்னன்னு சொல்றது என் வேலை. ரெண்டையும் நீங்களே பண்ணிட்டா நான் எதுக்கு? உருண்டையா இருக்கறதை எல்லாம் எண்ணுங்க."

எண்ணினேன். இலை இல்லாத தட்டைவிட நாற்பத்து மூன்று மடங்கு வந்தது.

எண்ணிக்கையைப் படிவத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் ஆய்வு முடிவுப் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: நன்று, மிக நன்று, மிக மிக நன்று. முன்பு 'தோல்வி' என்று நான்காவது கட்டமும் இருந்ததாம். யாரோ ஒருவர் அதில் டிக் போட்டுவிட்டார். அப்படியொரு கட்டம் எப்படி உள்ளே வந்தது என்று விசாரிக்க ஒரு குழு அமர்ந்தது, ஏழு மாதம் விசாரித்தது, கட்டத்தை நீக்கியது. அன்றிலிருந்து மையத்தில் எதுவும் தோற்றதில்லை. கூரை இடிந்து விழுந்தால் 'நன்று' என்று எழுதுவோம். இன்குபேட்டர் தீப்பிடித்த வருஷமும் 'நன்று'தான். உள்ளே வேலை செய்கிற யாரும் அந்தச் சொல்லைப் பார்த்தால் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆக, நானும் 'நன்று' என்பதில் டிக் போட்டு, கீழே முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன். புரிய வேண்டியவர்களுக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று அதைச் சாமர்த்தியம் என்று நம்பினேன். வடிகட்டின கோழைத்தனம்.

அதன் பிறகு மையம் சும்மா இருக்கவில்லை. இன்குபேட்டரின் கதவுக்குக் குறுக்கே நாடா கட்டி, மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து வெட்டினார். பிறகு பார்வையாளர் வரிசை. டோக்கன் கொடுத்து ஆட்களை உள்ளே விட்டார்கள். ஒருநாள் கணக்குப் பிரிவு, ஒருநாள் வாகனப் பிரிவு, ஒருநாள் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இன்குபேட்டர் கதவு சந்தைக் கடை மாதிரி திறந்தே கிடந்தது. ஆட்டுச் செல் எதுவும் அந்தக் குளிரில் தாங்காது. ஈஸ்ட் எந்தக் குறையும் சொல்லவில்லை.

அந்த வார இறுதியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நான் அதைப் பலமுறை படித்துவிட்டதால் மனப்பாடம்: 'சோம்பேறிச் செல்களின் அருகாமையால் சுறுசுறுப்பான செல்களின் மனோநிலை பாதிக்கப்படாதிருக்கும் பொருட்டு, இலை இல்லாத தட்டுகள் இன்று முதல் ஒழிக்கப்படுகின்றன.' ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தட்டும் இல்லாத சோதனையை நான் கேள்விப்பட்டதில்லை. பூட்டிடம் கேட்டேன். அவர், "ஒப்பிட்டுப் பார்த்தா குடும்பத்துலயே சண்டை வருதும்மா, செல்லுல வராதா?" என்றார்.

அடுத்த கூட்டத்தில் இலைச் சாற்றை டானிக்காக்குவது பற்றிப் பேச்சு வந்தது. முறைப்படி முதலில் ஆடுகளுக்குத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். ஆடுகள் குடிக்கவில்லை. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் வாயில் ஊற்ற, மூன்று பேரின் சட்டையும் பச்சையானது. கூட்டக் குறிப்பில் 'ஆடுகள் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினார்கள்.

இயக்குநர் எழுந்தார். "ஆட்டுக்கு ஆகறது ஆளுக்கு ஆகாதா? ஆட்டுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது. ஆளுக்குத் தெரியும். சொன்னதைக் கேக்கும், குடிக்கும், கருத்து எழுதிக் குடுக்கும். அறிவியல் எப்பவும் முன்னோக்கித்தான் போகணும். நடுவுல நின்னு யோசிச்சா அது அறிவியல் இல்ல, தாமதம்." எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மூச்சு வாங்கினாலே தட்டுகிறவர்கள்தான்.

முதல் நூறு பாட்டில்கள் ஊழியர் குடும்பங்களில் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு முன்னோட்டமாக வழங்கப்பட்டன. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி எனக்குக் கொடுத்ததைக் கழுவு தொட்டியில் கொட்டிவிட்டுப் பாட்டிலையும் கழுவி வைத்தேன். என் பங்கு தீர்ந்தது என்று நினைத்தேன். மற்ற தொண்ணூற்றொன்பது பாட்டில்கள் யார் வீட்டுக்குப் போயின என்று நான் கேட்கவில்லை.

ஒன்று என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தது.

தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். ஆஸ்பத்திரிக்கு அலைந்து ஊசி போட்டுக்கொண்டு, மாதா மாதம் ஸ்கேன் எடுத்து, சினைப்பையில் எத்தனை முட்டை தெரிகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான் ஆட்டுக்கு எண்ணுவதை அவள் தனக்கு எண்ணினாள். அவள் மாமியாரும் பூட்டின் மனைவியும் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது, சமையலறை அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைப் பாட்டில் நின்றுகொண்டிருந்தது.

"இதை யார் குடிக்கிறா?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

"நான்தான். காலையில ரெண்டு ஸ்பூன், மாசம் ஒரு பாட்டில். என்ன கசப்பு தெரியுமா! ஏன் நீ ஒரு வார்த்தை சொல்லல? உங்க ஆபீஸ்ல பண்ணதை எதிர்வீட்டுக்காரங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"இதைக் குடிக்காதே. கொட்டிடு."

"ஏன்?"

"இது செல்லைக் கொல்லுது. முட்டைக்குச் சோறு ஊட்டுற செல்லை. நான் கண்ணால பார்த்தேன், நாலு தடவை."

அவள் பாட்டிலை எடுத்து, லேபிளை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். 'ஆய்வக முடிவு: நன்று.' அதற்குக் கீழே பொடி எழுத்தில், என் கையெழுத்து. படிவத்திலிருந்து அப்படியே எடுத்து அச்சடித்திருந்தார்கள்.

"இது உன் கையெழுத்து இல்லையா?"

"என்னுதுதான்."

"அப்போ எது உண்மைக்கா? இதுவா, நீ இப்போ சொல்றதா?"

எங்கள் படிவத்தில் நன்று என்றால் நன்று இல்லை என்று அவளுக்கு விளக்க முயன்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை எடுத்து வந்தாள். பாட்டில் வருவதற்கு முந்தைய மாதம் ஏழு முட்டை. அடுத்த மாதம் ஆறு. பிறகு நான்கு, மூன்று. போன வாரம் இரண்டு.

"வேற ஏதாவது சாப்பிடுறீங்களான்னு டாக்டர் கேட்டார். இல்லன்னுட்டேன். இலைதானே, மருந்து இல்லையேன்னு."

அந்த இரண்டு என்ற எண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. இலையால்தான் குறைந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இலையால் இல்லை என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் ஒப்பிடும் தட்டு என்று ஒன்று வேண்டும். கூடத்திலிருந்து மாமியார், "இன்னிக்குக் குடிச்சாச்சாம்மா?" என்று குரல் கொடுத்தார். தங்கை என்னைப் பார்த்துக்கொண்டே, "குடிச்சிடுறேன் அத்தை," என்றாள்.

மறுநாள் ஆய்வு முடிவு தவறு என்று கைப்பட எழுதி இயக்குநர் மேசையில் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். ஐயம் தீர்க்கும் குழுவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அது மூவர் குழு. ஒருவர் இயக்குநர். இன்னொருவர் மூலிகைப் பிரிவுத் தலைவர். அந்தப் பதவி காலியாக இருந்ததால் இயக்குநரே கவனித்து வந்தார். மூன்றாமவர் வெளியிலிருந்து வர வேண்டிய நடுநிலை நிபுணர். அவர் வராத நாட்களில் அவர் இடத்தில் இயக்குநர் உட்காரலாம் என்று விதி இருந்தது. நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ஒரே ஆள் மூன்று நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து மூன்று கையெழுத்துப் போட்டார். முடிவு ஒருமனதாக இருந்தது.

வெளியே வந்து என் தோளில் தட்டாத குறையாகச் சொன்னார்: "உங்க ஐயம் தீர்க்கப்பட்டுடுச்சு. இனிமே உங்களுக்கு ஐயம் இல்ல."

"என் தங்கச்சி குடிக்கிறா சார்."

"ரொம்ப சந்தோஷம்! வர்ற வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழா. அவங்களை அழைச்சிட்டு வாங்க, முன்வரிசையில உக்கார வைப்போம். நீங்க மேடையில. முதன்முதல்ல பார்த்த கண்ணு உங்களோடதுதானே."

நான் கூப்பிடவில்லை. பூட்டின் மனைவி கூப்பிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மேடையிலிருந்து பார்த்தபோது மூன்றாவது வரிசையில் தங்கையும் அவள் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். வந்த பெண்கள் எல்லோருக்கும் வாசலிலேயே ஆளுக்கொரு பாட்டில். எண்பது, தொண்ணூறு பேர் இருக்கும். அத்தனை பேர் மடியிலும் பச்சைப் பாட்டில்.

என்னைப் பேசச் சொன்னார்கள். தங்கையை மட்டும் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"இந்த இலைச் சாறு பட்ட ஆட்டுச் செல் எல்லாம் செத்துப் போச்சு," என்றேன்.

கைதட்டினார்கள்.

"குட்டி போட்டதா சொல்றாங்களே, அது ஈஸ்ட். அழுக்குல இருந்து வந்தது."

இன்னும் பலமாகத் தட்டினார்கள். எங்கள் ஊழியர்கள் பேச்சைக் கேட்டுத் தட்டுவதில்லை. வாக்கியம் முடிகிற இடம் பார்த்துத் தட்டுவார்கள். அவர்களைப் பார்த்து வந்தவர்களும் தட்டினார்கள்.

"பாட்டில்ல இருக்கறது என் கையெழுத்து. நான் போட்டது தப்பு. தயவுசெஞ்சு குடிக்காதீங்க," என்றேன். அந்த நேரம் பார்த்து இயக்குநர் எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பார்த்தீங்களா இந்த அடக்கத்தை?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "தன் சாதனையைத் தானே குறைச்சுச் சொல்ற பண்பு. இந்தப் பண்புதான் நம்ம மையம். இதை ஆரம்பிச்சப்போ ஆதாரம் எங்கேன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், ஆதாரம் அப்புறம் வரும், முதல்ல அறிவிப்பு வரட்டும். எங்களுக்குச் சந்தேகம்கிறதே கிடையாது. சந்தேகப்படுறவங்களுக்கு எங்ககிட்ட வேலையும் கிடையாது. நீங்க எல்லாம் என் குடும்பம் மாதிரி. உங்க வீட்டுல தொட்டில் ஆடினா என் வீட்டுல ஆடின மாதிரி. சொல்லப்போனா என் வீட்டுலயும் ஆடப்போகுது. என் மருமகளுக்கு இப்போ மூணு மாசம்!"

கூரை அதிரக் கைதட்டல். தங்கையின் மாமியார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தட்டாமல் இருந்தவள் தங்கை மட்டும்தான். அவள் எழுந்து நின்றாள். மடியிலிருந்த பாட்டிலைக் கையில் பிடித்திருந்தாள். கைதட்டல் ஓயும்வரை நின்றாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். உங்க மருமக தினமும் எத்தனை ஸ்பூன் குடிச்சாங்க?"

இயக்குநர் புன்னகையோடு குனிந்தார். "என்னம்மா?"

"நான் நாலு மாசமா ரெண்டு ஸ்பூன் குடிக்கிறேன். இன்னும் ஒண்ணும் ஆகல. அவங்களுக்கு ஆகியிருக்கு. அவங்க மூணு ஸ்பூனா, நாலு ஸ்பூனான்னு தெரிஞ்சா நானும் அப்படியே குடிப்பேன்."

அவள் தெரிந்து கேட்டாளா, வெள்ளை மனசாகக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை. ஆனால் இயக்குநர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விட்டவர் இல்லை. அதுவும் மைக் கையில் இருக்கும்போது.

"அவளா? சேச்சே! அவளுக்கு இதெல்லாம் தர்றதில்லம்மா," என்றார் பாசத்தோடு. "பெரிய ஆஸ்பத்திரியில காட்டுறோம். டாக்டர் முதல் நாளே கண்டிப்பா சொல்லிட்டாரு, கண்டதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு. நானும் வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். நம்ம வீட்டுப் பிள்ளை விஷயம், விளையாட முடியுமா?"

வாக்கியம் முடிந்துவிட்டதால் பூட்டு பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பிறகு முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, பாட்டிலைத் தன் நாற்காலியிலேயே வைத்துவிட்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒருவரும் சத்தம் போடவில்லை, ஒருவரும் திட்டவில்லை. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். நாற்காலிகளில் பச்சைப் பாட்டில்கள் உட்கார்ந்து இயக்குநரின் உரையை மேற்கொண்டு கேட்டன. அவர் மேலும் இருபது நிமிஷம் பேசினார். விழாக் குறிப்பில் 'பொதுமக்கள் உற்சாகம் தாங்காமல் இடையிலேயே எழுந்து சென்றனர்' என்று எழுதப்பட்டது. முடிவு: மிக மிக நன்று.

நான் மேடையை விட்டு இறங்கி வெளியே ஓடினேன். தங்கை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாமியார் சற்றுத் தள்ளி, யாரையும் பார்க்காமல் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். தங்கை கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது," என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. "எத்தனை பேரை ஏமாத்தியிருக்கான்!"

"அவர் மேல எனக்குக் கோபம் இல்லக்கா," என்றாள். "அவர் யாரோ. அவர் முகத்தையே இன்னிக்குத்தான் பார்க்கிறேன். அவர் சொன்னதாலயா நான் குடிச்சேன்?"

பஸ் வந்தது. மாமியார் ஏறினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"அடுத்த வாரம் ஸ்கேனுக்கு நான் கூட வரட்டுமா?" என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். படியில் ஒரு காலை வைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"வா. இத்தனை நாளா என்ன குடிச்சேன்னு டாக்டர் கேப்பார். நீயே உன் வாயால சொல்லு."